பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரும் நம் சிற்றூர்களும்

திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே பரந்து கிடக்கும் நிலத்தை நம்மவர் வானம் பார்த்த பூமி என்பர். ஐப்பசி கார்த்திகையில் மழை வாய்த்துக் கண்மாய் பெருகினால் நெல் உண்டு. வாய்க்காவிடின் கம்பு, சோளம், குதிரைவாலி. அவையும் பொய்த்தால் மாட்டை விற்றுவிட்டுப் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்லுதல். கரிசலில் பருத்தி விளையும். அதனை எடுக்கும் பெண்டிர்க்கு எடுத்ததில் ஒரு பங்கையே கூலியாக அளப்பது இச்சீமையின் பழைய வழக்கம். அருப்புக்கோட்டையில் நெசவாளர் தறியை நம்பி வாழ்ந்தனர். தறிக்கு நூல் வாங்கக் கடனை நம்பினர். குண்டாற்றங்கரைத் திருச்சுழியின் பெயரைச் சுந்தரமூர்த்தி நாயனாரின் பதிகத்தாலும், 1879-ஆம் ஆண்டில் அங்குத் தோன்றிய இரமண மகரிஷியாலும் உலகம் அறியும். ஆனால் அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஒரு குடும்பம் ஓராண்டில் எத்தனை நாள் வேலை பெற்றது, எத்தனை நாள் வெறுங்கையோடு இருந்தது, எவரிடம் எதன்பொருட்டுக் கடன்பட்டது என்று நூறாண்டுக்கு முந்தைய நிலையை அறிய விழைவார்க்கு விடை எளிதிற் கிடைப்பதில்லை.

ஏடுகள் இல்லாமல் இல்லை. கணக்குப்பிள்ளையின் அடங்கலில் இன்ன புலத்தில் இன்ன பயிர் என்று எழுதியிருக்கும். பத்தாண்டுக்கொருமுறை எடுக்கும் குடிமதிப்பில் இத்தனை ஆண், இத்தனை பெண், இன்ன தொழிலினர் என்று காணும். அடங்கல் நிலத்தை அறியும். குடிமதிப்பு தலைகளை அறியும். வீட்டு அடுப்பின் நிலையை இரண்டும் அறியா. சர்க்கார் கணக்கு வரிக்காக எழுதப்பட்டதேயன்றி வாழ்க்கைக்காக எழுதப்பட்டதன்று. இந்த இடைவெளியைக் கண்டு, அதனை நிரப்பச் சென்னை இராசதானியின் கல்லூரி மாணவர்களையே ஏவிய ஒருவரைக் குறித்து நாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதற் பேராசிரியராக அமர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர் ஆவர். அவருடைய மாணவர் ஆராய்ந்த ஊர்களுள் ஒன்றாகிய வடமலாபுரம், திருச்சுழிக்கு மேற்கே சிவகாசிப் பக்கத்தில் உள்ளது. இரண்டும் அக்காலத்தில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை. 1985-இல் அந்த ஜில்லா பிரிக்கப்பட்டபோதும் இரண்டும் விருதுநகர்ப் பகுதியிலேயே சேர்ந்தன. ஆகவே திருச்சுழி நாட்டின் பழைய பிழைப்பை அறிய விரும்புவோர்க்கு மிக அணித்தான சான்று வடமலாபுரமே எனலாம்.

ஸ்லேட்டர் 1864-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள பிளிமத் நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றார். அவர் இளமையெய்திய காலம், ஆங்கில நாட்டார் தம் நாட்டு ஏழைகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கிய காலமாகும். சார்லஸ் பூத் என்னும் கப்பல் வணிகர் 1886-இல் தொடங்கி இலண்டன் மாநகரின் தெருத்தெருவாக ஆராய்ச்சி நடத்தி, 1903-க்குள் பதினேழு தொகுதிகள் வெளியிட்டார். அவர் கண்ட முடிவு, நூற்றுக்கு முப்பதின்மருக்குமேல் வறுமையில் உழன்றனர் என்பது. செல்வத்தில் உலகுக்கே தலைநகர் என்று தருக்கியிருந்தோர் இதனைக் கேட்டு நம்ப மறுத்தனர். இலண்டன் மட்டுமே அத்தகையது என்று சிலர் ஆறுதல் கொண்டனர். அவ்வாறுதலும் நிலைக்கவில்லை. ரௌன்ட்ரீ என்பவர் 1899-இல் யார்க்கு என்னும் நடுத்தர நகரை ஆராய்ந்து, அங்கும் ஏறக்குறைய நூற்றுக்கு இருபத்தெண்மர் அந்நிலையினரே எனக் காட்டினார். வறுமையைப் பற்றிப் பேசுதல் வேறு, எண்ணுதல் வேறு என்பதை அந்த நாடு அப்போதுதான் கற்றது.

ஸ்லேட்டரின் நாட்டம் நகரத்தினும் நாட்டுப்புறத்திலேயே மிகுதியாகச் சென்றது. இங்கிலாந்தில் ஒருகால் ஊர்ப் பொதுவாகக் கிடந்த வயல்களும் மேய்ச்சல் நிலங்களும், பாராளுமன்றச் சட்டங்கள் வாயிலாக வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. ஓர் ஆடும் ஒரு பசுவும் வைத்துப் பிழைத்த எளியவன் அவ்வேலிக்கு வெளியே நின்றான். இவ்வரலாற்றை ஸ்லேட்டர் ஆராய்ந்து 1907-இல் ஆங்கிலக் குடியானவரைப் பற்றிய பெருநூலாக வெளியிட்டார். பழைய சட்ட ஏடுகளோடு அமைந்துவிடாமல், பொது வயல் முறை அழியாது எஞ்சியிருந்த லாக்ஸ்டன் முதலிய ஊர்களையும் அந்நூலில் விரித்துரைத்தார். நம் நாட்டிற் புறம்போக்கும் மந்தைவெளியும் யாருடையன என்ற வழக்கு இன்றுவரை ஓய்ந்தபாடில்லை என்பதை நினைப்பவர், அவர் பின்னர் நம் ஊர்களை நோக்கியபோது எதனை நோக்கினார் என்பதனை எளிதில் உணர்வர்.

ஏட்டுச் சுரைக்காயோடு அவர் நின்றவரல்லர். படைக்கலத் தொழிற்சாலை மிகுந்த வுல்விச்சு நகரில் 1905-இலும் அடுத்த ஆண்டிலும் தொழிலாளர் கட்சியின் சார்பில் நகரத் தலைவராக இருந்தார். 1909-இல் ஆக்ஸ்போர்டிலுள்ள ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வரானார். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்போர் வந்து பயில்வதற்கென்று 1899-இல் ஏற்பட்ட கல்லூரி அது. முந்தைய முதல்வர் நீக்கப்பட்டதால் மாணவர் வகுப்புக்களைப் புறக்கணித்துக் கலகம் விளைத்த ஆண்டில் அவர் அப்பதவியை ஏற்றார் என்றால், அவருக்கு வாய்த்த வரவேற்பு எத்தகையது என்பதை நேயர் ஊகித்துக்கொள்ளலாம். அங்கு ஆறாண்டு பணிபுரிந்தபின் 1915-இல் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அவ்வயதில் ஓய்வை எண்ணாமல் ஓர் அயல்நாட்டைப் புதிதாகக் கற்கத் தொடங்கியது சிறிய செயலன்று.

சென்னையில் அவர்முன் இருந்த மாணவர் கற்றுவந்த பொருளாதாரம் எது? மான்செஸ்டர் நெசவாலையும் இலண்டன் நாணயச் சந்தையும் பற்றிய பாடம். அப்பாடத்தை மனப்பாடம் செய்து தேறிய இளைஞன் ஒருவனை, உன் ஊரில் ஒரு ஜோடி உழவுமாடு என்ன விலை என்று கேட்டால் விழிப்பான். ஸ்லேட்டர் இதனைக் கண்டார். மக்களுட் பெரும்பாலார் உழவை நம்பி வாழும் நாட்டில் பொருளாதாரக் கல்வி ஊரிலிருந்தே தொடங்கவேண்டும் என்று துணிந்தார். வினாநிரல் ஒன்றை வகுத்தார். விடுமுறைக்குத் தம் ஊர் செல்லும் மாணவர் அதனைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு வினாவுக்கும் விடை திரட்டி வரவேண்டும் என்பது ஏற்பாடு. இப்பணி 1916-இல் நடைபெற்றது.

செலவற்ற முறை இது. ஆயினும் அதன் நுட்பம் செலவின்மையில் இல்லை. அயலூரான் ஒருவன் ஏட்டோடு வந்து, உனக்கு எத்தனை மூட்டை விளைந்தது என்று கேட்டால், குடியானவன் வரி உயரப்போகின்றது என்று எண்ணி விளைச்சலைக் குறைத்துச் சொல்வான். ஐரோப்பியப் போர் நிகழ்ந்த ஆண்டில், பட்டாளத்துக்கு ஆள்பிடிக்க வந்தார்களோ என்று ஐயுற்றிருப்பினும் வியப்பில்லை. உள்ளூர்ப் பிள்ளையிடம் அவ்வாறு மறைத்தல் அரிது; நிலமும் கிணறும் மாடும் அவன் அறிந்தவையே. அன்றியும் ஊருக்கு ஊர் அளவை வேறு. ஓரூர் மரக்கால் மற்றோரூரில் முக்கால் மரக்காலாகும். இங்கே குறுக்கம் என்பர், அங்கே காணி என்பர், வேறிடத்தில் மா என்பர். கூலி காசாகவும் தானியமாகவும் நடுப்பகற் கஞ்சியாகவும் பொங்கலுக்கு ஒரு துணியாகவும் கலந்து வரும். இவற்றையெல்லாம் ஓர் அளவைக்குக் கொண்டுவந்து ஓராண்டு வருமானமாகக் கூட்டவேண்டுமாயின், அவ்வூர் மரக்காலைக் கண்ணாற் கண்டவனே அதற்குரியவன். மாணவனுடைய பிறப்பே அவனுக்குத் தகுதியாயிற்று.

ஆனால் அத்தகுதியே ஒரு குறையுமாயிற்று என்பது நம் கருத்து. 1916-இல் சென்னைக் கல்லூரிகளிற் பயின்றவர் யாவர்? பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்து ஆண்மக்கள். தென்னார்க்காட்டில் படியாள் என்றும், தஞ்சையில் பண்ணையாள் என்றும் வழங்கியவர்கள், கலியாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறுகடனுக்காக ஒரு வீட்டில் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு உழைத்தார்கள். கடன் தீராது, ஆளும் விடுபடான். தகப்பன் பட்ட கடனுக்கு மகனும் அவ்வீட்டு ஏரையே பிடிப்பான். அத்தகைய ஆள் ஒருவன் முற்றத்தில் நிற்கின்றான். அவன் எசமானுடைய மகன் கையில் வினாநிரலோடு, உனக்கு எவ்வளவு கடன், யாரிடம் வாங்கினாய் என்று வினவுகின்றான். விடையை இருவரும் அறிவர். கடன் கொடுத்தவர் உள்ளே ஊஞ்சலில் இருக்கின்றார். அந்நிலையில் அவ்வாள் சொல்லக்கூடியது என்ன? மாணவன் எழுதத் துணிவது என்ன? சேரிக்குள் அடிவைக்கவே மேற்சாதியார் தயங்கிய காலம் அது. வீட்டிற் பானையின் நிலையறிந்தவர் பெண்டிர், வினவியவரோ ஆடவர். ஆதலின் அக்கணக்கில் சேரியின் குரலும் பெண்ணின் குரலும் மெலிந்தே ஒலித்திருக்கவேண்டும்.

இக்குறையால் அவ்வேட்டின் பயன் அழிந்துவிடவில்லை. எசமான் வீட்டுப் பிள்ளையாயினும், படியாளின் ஆண்டுக்கூலி இத்தனை கலம் என்று மாணவன் ஒருமுறை தன் கையால் எழுதிக் கூட்டிப் பார்ப்பானாயின், அத்தொகை ஓர் உயிர் உண்டு உடுத்து வாழப் போதுமா என்ற வினா தானே எழும். தருமத்தைப் பற்றி ஆயிரம் சொற்பொழிவு கேட்டவனுக்கு எழாத வினா, ஒரு கூட்டற்கணக்கில் எழுந்துவிடும். ஸ்லேட்டர் மாணவரை ஊருக்கு அனுப்பியது ஊரைப்பற்றித் தாம் அறிவதற்காக மட்டுமன்று, அவர்கள் அறிவதற்காகவும் ஆகும் என்றே நாம் கொள்கின்றோம்.

திரட்டியவற்றைப் பதிப்பித்து 1918-இல் தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக ஸ்லேட்டர் வெளியிட்டார். சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதார ஆராய்ச்சி வரிசையில் அது முதல் நூல். தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற ஊர்களுள் இராமநாதபுரம் ஜில்லா வடமலாபுரமும், திருநெல்வேலிக் கங்கைகொண்டானும், தஞ்சைப் பாலக்குறிச்சியும், தென்னார்க்காட்டு இருவேல்பட்டும், வடவார்க்காட்டுத் தூசியும் பின்னாளில் பெயர்பெற்றன. மலையாள நாட்டுச் சிற்றூர்களும் தெலுங்கு நாட்டுச் சிற்றூர்களும் உடன் இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் பூனாவுக்கு அருகே ஹாரல்டு மேன் என்பவர் ஒரு தக்கணச் சிற்றூரை ஆராய்ந்து 1917-இல் நூல் வெளியிட்டார். மேன் ஓரூரை ஆழத் தோண்டினார். ஸ்லேட்டர் பலவூர்களை அடுத்தடுத்து வைத்தார். ஆற்றுப்பாசனத்துப் பாலக்குறிச்சியும் மழையை நம்பிய வடமலாபுரமும் ஒரே அட்டைக்குள் இருத்தலால், நீருள்ள ஊரில் ஏழை எப்படி ஏழை, நீரற்ற ஊரில் ஏழை எப்படி ஏழை என்று ஒப்புநோக்க இடம் கிடைத்தது. நஞ்சையூரில் நிலம் சிலர் கையிற் குவிந்து ஏனையோர் ஆட்பட்டனர். புன்செய் நாட்டில் பலர்க்கும் சிறிது நிலம் இருந்தும் மழை பொய்த்த ஆண்டில் அந்நிலமே சுமையாயிற்று. திருச்சுழிப் பக்கத்தார்க்கு இரண்டாவது கதையை விளக்கவேண்டுவதில்லை.

நூல் வெளிவந்த 1918-ஆம் ஆண்டிலேயே மழை தவறிற்று. போரினால் விலைகள் ஏறின. இராசதானியின் பல ஊர்களில் மக்கள் திரண்டு தானியக் கடைகளைக் கொள்ளையிட்டனர். விஷக்காய்ச்சல் பரவி எண்ணிறந்தோரைக் கொண்டுசென்றது. அவ்வாண்டில் அந்நூலைக் கையிலெடுத்தவர், இம்மக்களிடம் ஒரு பருவத்தைத் தாங்கும் சேமிப்பேனும் உண்டா என்று அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

ஸ்லேட்டர் 1921 வரை பேராசிரியராக இருந்து பின்னர்த் தாயகம் திரும்பினார். 1924-இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடர் பங்கைக் குறித்து ஒரு நூல் எழுதினார். இந்திய நாகரிகமென்றால் ஆரியமே என்று மேனாட்டார் பலர் எழுதிவந்த நாளில், தென்னாட்டாரின் பங்கு பெரிது என்று நிலைநாட்ட முற்பட்ட நூல் ஆதலின் தமிழர் அதனை விரும்பிப் படித்தனர். அதிலுள்ள ஊகங்கள் அனைத்தையும் இன்று ஏற்றல் இயலாது. 1930-இல் வறுமையையும் அரசையும் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் ஒருவரல்லர், எழுவர் என்று ஒரு நூல் வெளியிட்டார். ஊர்களில் தலைகளைச் செவ்வனே எண்ணச் செய்தவர், ஒரு புலவரிடத்தில் மட்டும் ஏன் ஏழு தலைகளை எண்ணினார் என்று நம் ஆங்கில ஆசிரியர்கள் வியப்பர். நாம் அவ்வழக்கிற் புகவில்லை. 1936-இல் தென்னிந்தியாவின் அரசியல், பொருளாதாரச் சிக்கல்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். சென்னையை விட்டு ஆண்டு பல கழிந்தும் அவர் நெஞ்சம் இங்கேயே இருந்தது போலும். 1938-இல் காலமானார்.

அவர் விட்டுச்சென்றவற்றுள் நெடுநாள் வாழ்ந்தது அந்த வினாநிரலே. அப்போது சென்னைச் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த பி. ஜே. தாமஸ் அவர்களும் கே. சி. இராமகிருஷ்ணன் அவர்களும் 1936-37-இல் அவ்வூர்களை மறுமுறை ஆராய்வித்தனர். அதன் முடிவுகள் 1940-இல் நூலாயின. இடையில் 1929-இல் தொடங்கிய உலக மந்தம் விளைபொருள் விலையை வீழ்த்தியிருந்தது. பத்து மூட்டை விற்று அடைக்கக்கூடிய கடனுக்கு இருபது மூட்டை விற்கவேண்டிய நிலை. பத்திரத்தில் உள்ள எண் மாறாதிருக்க, கடன் தானே பருத்தது. முதல் ஏடு இல்லாவிடின் இரண்டாம் ஏட்டை எதனோடு ஒப்பிடுவது? ஓரூரை ஒருமுறை எண்ணினால் அது செய்தி. இருமுறை எண்ணினால் வரலாறு. 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் அம்மையார் ஸ்லேட்டர் ஆராய்ந்த ஊர்களுக்கு வந்தார். 1980-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர் மீண்டும் சென்றனர், எஸ். குகன் முதலியோர் இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி ஆகிய ஊர்களைப் பற்றியும், வெங்கடேஷ் ஆத்ரேயா வடமலாபுரம், கங்கைகொண்டான் ஆகியவற்றைப் பற்றியும் எழுதினர். இருவேல்பட்டின் கதை 2008 வரை தொடர்ந்து எழுதப்பட்டுள்ளது. படியாள் முறை மறைந்ததையும், உழவுக்குப் புறம்பாகப் பிழைப்புத் தேடுவோர் மிகுந்ததையும் அதிற் காணலாம். தொண்ணூறு ஆண்டுக்கும் மேலாக ஒரே ஊரைத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் உலகிற் பிற நாடுகளிலும் மிகச் சிலவே.

வடமலாபுரத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 1916-இல் மாணவர் அங்கு வினவியபோது சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் தொடங்கினர். எனவே அம்முதல் ஏடு, தீக்குச்சி வருமுன் அந்நாடு எவ்வாறு பிழைத்தது என்பதற்குச் சான்றாக நிற்கின்றது. 1980-களின் ஆய்வாளர் சென்றபோது கமலையின் இடத்தில் மின்விசைப் பம்பு வந்திருந்தது. தீப்பெட்டியும் பட்டாசும் அந்தச் சுற்றுவட்டாரத்தின் வாழ்க்கையையே மாற்றியிருந்தன. இம்மாற்றத்தைக் கிழவர் வாய்க்கேட்டு அறிதல் ஒன்று. இரண்டு ஏடுகளைப் பக்கத்திற் பக்கம் வைத்து அறிதல் மற்றொன்று.

திருச்சுழி நாட்டின் ஊர் எதுவும் ஸ்லேட்டரின் நூலில் பெயர்பெற்ற அவ்வைந்தனுள் இல்லை. இன்று அப்பக்கம் செல்வோர் கண்ணுக்கு முதலிற் படுவது கம்பங்கொல்லையன்று, சீமைக்கருவேலங்காடு. கண்மாய்க்குள்ளும் தரிசிலும் அது அடர்ந்து நிற்கின்றது. வெட்டி அடுக்கி, மண்பூசி மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டை கட்டுவதே பல குடும்பங்களின் தொழில். ஸ்லேட்டரின் வினாநிரலில் கரிமூட்டம் இல்லை. அம்மரமே அன்று இந்நாட்டை இவ்வாறு மூடியிருக்கவில்லை. அவர் வழியில் அங்கு வினவப் புகும் மாணவர் புதிதாகச் சேர்க்கவேண்டிய வினாக்கள் சில உள. மரம் யாருடையது, வெட்டும் குத்தகை யார் பெயரில், மூட்டைக்குக் கூலி என்ன, முன்பணம் எவ்வளவு, அம்முன்பணத்தைத் தீர்க்க எத்தனை மூட்டம் ஆகும், மூட்டம் வேகும் இரவுகளில் காவலிருப்பவர் யார், அவர்தம் பிள்ளைகள் மறுநாட் காலையில் எங்கே இருக்கின்றனர்.